டைல்ஸ் ஒட்டாத வீடு

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் பேச்சே வராது. வீட்டில் போட்ட பணம் எப்படித் திரும்பி வரும் என்று நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். அப்பா நிலத்தில் என் பங்காக வந்த பணத்தில், சித்திரை மாதம் திண்டிவனத்தில் ஒரு பழைய வீடு வாங்கினேன். வாடகை வந்தால் மகளின் கல்லூரிக்கு ஆகும். வராவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். டு-லெட் பலகை ஆடி வரை தொங்கியது. பார்க்க வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

வீடு பழசாக இருப்பதால்தான் என்று நினைத்தேன். மீதிப் பணத்தில் முன்பக்கம் டைல்ஸ் ஒட்டுவதற்கு மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். திண்டிவனத்திலேயே இருக்கும் என் கணவரின் அக்கா தடுத்தார்.

"டைல்ஸ் ஒட்டினா வாடகை எவ்ளோ ஏறும்?"

"தெரியலிங்க அண்ணி."

"முன்ன குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேட்டியா?"

"அத எப்பிடிங்க போய்க் கேக்கறது?"

"வாயாலதான். கடையில பொடவய பிரிச்சிப் போட்டுக்கினு பேசறல்ல?"

அண்ணியே விசாரித்து, முன்பு அங்கே குடியிருந்த அம்மாவிடம் கூட்டிப்போனார். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்திருந்தவர், எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"வீடு நல்ல வீடுதாங்க. ரோடுதான் பேஜாரு. பழைய ரோட்டு மேலயே புதுசு போட்டுக்கினு போறாங்க, வீடு பள்ளமாயிடுச்சி. மழை வந்தா தண்ணி நேரா கூடத்துக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு நடக்கற தூரம், மனசில்லாமதான் காலி பண்ணேன்."

நான் வீடு பார்த்த அன்று நல்ல வெயில். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போனேன். அப்போது எதுவும் தோன்றவில்லை.

"தண்ணி வராம பண்ணா திரும்பி வருவீங்களா?" அன்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

"வர்றேங்க. வாடகையும் கொஞ்சம் சேத்தே குடுக்கறேன். டைல்ஸு வேணாம், வழுக்கும்."

தரையை மட்டும் உயர்த்தினால் மின்விசிறி தலையில் இடிக்கும் என்றார் மேஸ்திரி. அதனால் சுவர்களுக்கு அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினோம். இருந்த பணமெல்லாம் அதற்கே போயிற்று. தெருவில் போன ஒருவர், "வீட்ட எங்கங்க எடுத்துக்கினு போறீங்க?" என்றார்.

"விழுப்புரத்துக்குத்தான். ஜல்தியா வழி வுடுங்க" என்றார் அண்ணி.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று அந்த அம்மா வந்தார். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்று படி ஏறி, கூடத்துத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. சுவரில் பழைய பச்சைப் பெயிண்டும், விரிசல்களில் பூசிய சிமெண்டும் அப்படியே தெரிந்தன. அதையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை. முன்பணத்தை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார்.

நாங்கள் விசாரிக்கப் போன அன்று, தூக்கக் கலக்கத்தில் இருந்தவர் எங்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். நானும் டைல்ஸ் ஒட்டிவிட்டு, மழைக்குப் பிறகு வீட்டை விற்றிருப்பேன். மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த டீயை நினைத்துக்கொள்கிறேன். அண்ணியின் வாயையும்தான்.

முன்பணம் கொடுத்த மறுநாள் மினி லாரியில் பீரோவும் கட்டிலும் வந்து இறங்கின. அண்ணி போய்ச் சாவி கொடுத்தார். நான் கடைக்குப் போனேன்.