மணலில் ஒரு காலடி

கோல்ஃப் மைதானத்தில் அவளுக்கு மணலக்கா என்று பெயர். பந்தை விழுங்குவதற்கென்றே தோண்டி வைத்த பதினோரு மணல்குழிகளை, நீளக் காம்பு வைத்த வாரியால் தினமும் காலையில் இழுத்துச் சமன் செய்வது அவள் வேலை. பதினாறு வருஷமாக மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் மட்டை பிடிப்பவர்கள் மறந்துபோகும் மரியாதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருவர் அடிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தவர் பந்து உருளும் வழியில் நம் நிழல்கூட விழக் கூடாது. மணலில் தாழ்ந்த பக்கமாக இறங்கி, தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு அதே பக்கமாக ஏற வேண்டும். வீட்டில் தரை துடைத்தாலும் இதே சட்டம்தான். "உங்கம்மா தொடச்சா நாம பறந்துதான் போகணும்," என்பார் கணவர் மகளிடம். அவர் கடையை மூடியபிறகு வீட்டில் சம்பளம் என்று வருவது இவளுடையது ஒன்றுதான்.

அன்று போட்டி. மைதானம் சின்னது, அதையே இரண்டு சுற்று ஆட வேண்டும். இரண்டாம் சுற்றில் பல் டாக்டரின் பந்து மணலில் விழுந்து, யாரோ விட்டுப்போன காலடிக்குள் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. பள்ளத்தில் கிடக்கும் பந்தை அடிக்க மாட்டேன் என்று டாக்டர் கரையிலேயே நின்றுவிட்டார். பின்னால் இரண்டு குழுக்கள் கடுப்போடு காத்திருந்தன. மைதானத்தின் செயலாளர் மணலக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதையா காலைல சமன் பண்ணாங்க? வேற ஆளப் பாருங்க," என்றார் டாக்டர்.

"இழுக்காம விட்டிருந்தா இன்னையோட சரிம்மா," என்றார் செயலாளர். போன மாதம் புல் வெட்டுபவரை இப்படித்தான் வேலையைவிட்டு அனுப்பினார்.

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். வழுக்காமலிருக்க கோல்ஃப் ஷூவின் அடியில் வைக்கும் முளைகளில், வலது குதிகாலில் ஒன்றின் அச்சு இல்லை. அதைச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் டாக்டர் கையில் மட்டை இருந்தது; அடிக்க நிற்பவர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாதே.

"கிட்ட வந்து பாருங்க சார்," என்று டாக்டர் உயர்ந்த விளிம்பிலிருந்து குதித்தார். மணல் சரிந்தது. நாலு எட்டு வைத்துப் பந்தின் பக்கத்தில் போய் விரலை நீட்டினார்.

செயலாளர் பழைய காலடியைப் பார்த்தார். பிறகு புதிய காலடிகளைப் பார்த்தார். வலது கால் தடம் எல்லாவற்றிலும் குதிகாலில் அதே முளை குறைவு.

"மொதல் சுத்துல உங்க பந்து எங்க விழுந்துச்சு டாக்டர்?"

ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்பவர் தன் வாயைத் திறக்கவில்லை.

"இருக்கிற எடத்துலேர்ந்தே அடிங்க," என்றார் செயலாளர்.

பந்து வெளியே வர மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. அதுவரை மணலக்கா தன் நிழல் பந்தின் வழியில் விழாதபடி தள்ளி நின்றாள். பிறகு வாரியை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் ஏறாதீங்க சார், இன்னும் சரியும். தாழ்ந்த பக்கமா இழுத்துக்கிட்டே வாங்க. மொதல் சுத்துல விட்டதையும் சேத்து."

டாக்டர் இழுத்தார். அவர் போனதும் அவள் இறங்கி, முழுக் குழியையும் மறுபடி இழுத்தாள்.