ரோஸ் சுவரும் நீலச் சுவரும்

இன்று எங்கள் உத்திரமேரூர் வீட்டு நடு அறைக்குப் பெயிண்ட். கணவர் தவறியபின் அக்கா சூரத்திலிருந்து நிரந்தரமாக இங்கே வந்துவிட்டாள். இனி அது எங்கள் இருவருக்குமான அறை.

பெயிண்டர் சுவரில் ரோஸையும் கருநீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொஞ்சம் அடித்துக் காட்டினார். "எது வோணும், பாத்து சொல்லுங்க."

"நீலம்" என்றேன் நான்.

"ரோஸ்" என்றாள் அக்கா.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளி நாட்களில் இதே அறைக்கு நீலம் கேட்டு அடம்பிடித்தவள் அவள். ரோஸ் கேட்டு அழுதவள் நான். மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அப்பா பேஜாராகி, அறை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பை அடித்துவிட்டார்.

"இன்னாடி, எனக்கோசரமா நீலம் சொன்ன?"

"நீ மட்டும் ரோஸு யாருக்கோசரம் கேட்ட?"

அக்கா சுவரைத் தடவினாள். "தீர்ப்பு சொல்ல அப்பாதான் இல்ல" என்றாள்.

பெயிண்டர்தான் வழி சொன்னார். "ரெண்டு செவுரு அது, ரெண்டு செவுரு இது. அடிச்சிடட்டுமா?"

சாயங்காலம் வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தவர், "பால்வாடி மாதிரி கீதும்மா" என்றார்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வந்த இரண்டு மாதத்தில் இதுதான் முதல்முறை.

படம் கீழே. எந்தச் சுவர் நன்றாக இல்லை என்று நினைக்கிறவர்கள் நேரில் வந்து அக்காவிடமே சொல்லலாம். காபி கிடைக்கும், மற்றதற்கு நான் பொறுப்பில்லை.