சம்பந்தமில்லை என்று சொன்ன காலை

அரசாங்க உத்தியோகத்தில் நான் அதிகம் எழுதிய வாசகம் "இவ்வலுவலகத்திற்குச் சம்பந்தமில்லை" என்பதாகத்தான் இருக்கும். எப்பேர்ப்பட்ட மனுவையும் அந்த ஒரு வரியால் அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிவிடலாம். ஓய்வு பெற்றபின் அதற்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன்.

என் மகளின் மாமியார் கடற்கரைக் கிராமத்துக்காரர். கூடை சுமந்து மீன் விற்று மகனைப் படிக்க வைத்தவர். அந்த மகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காதல் கல்யாணம். நான் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. கோப்பின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் போடுவோமே, அந்த மாதிரி. அந்த அம்மாள் மட்டும் என்னை எங்கே கண்டாலும் "சம்மந்தீ!" என்று கூப்பிடுவார். அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைப் பதிலுக்கு எப்படியும் கூப்பிட்டதில்லை. "வாங்க", "உக்காருங்க", "சாப்ட்டீங்களா" என்று விளியே இல்லாமல் ஏழு வருடம் ஓட்டியிருந்தேன்.

பேத்திக்கு உயிருள்ள நண்டைப் பார்க்க வேண்டும். "தட்டுல இல்ல தாத்தா, நடக்கறது." அந்த அம்மாள்தான் வழி சொன்னார்: "அமாவாச கழிஞ்சி காலையில போனா தண்ணி நல்லா வத்தியிருக்கும் சம்மந்தி. பீச் ரோட்டுக் கல்லு சந்துலயே அத்தினியும் கெடக்கும்."

அங்கேதான் எனக்குச் சிக்கல். மண் அரிக்காமலிருக்கக் கொட்டிய அந்தக் கருங்கற்களுக்குப் பக்கத்தில் 'பாறைகளில் இறங்காதீர்' என்று ஒரு பலகை நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம் நான். காலை நடைக்காரர்கள் சார்பில் மூன்று பிரதியில் மனு எழுதி, நினைவூட்டுக் கடிதம் இரண்டு அனுப்பி, நேரில் போய் நின்று வாங்கிய பலகை. பீச் ரோட்டில் காவலுக்கு நிற்பவர்களுக்கு நான் 'பெட்டிஷன் சார்'.

ஆனாலும் போனோம். மருமகனுக்கு அன்று ஷிப்ட். மகள், பேத்தி, அந்த அம்மாள், நான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நடைக்காரர்கள் இன்னும் வரவில்லை. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிப்படி இறங்குவதுபோல் கல்லுக்குக் கல் இறங்கிப் பேத்தியை வாங்கிக்கொண்டார். நான் சுவர்மேல் நின்று நடைமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்: பச்சையாக இருக்கும் கல்லில் கால் வைக்காதே, அலை வரும் பக்கம் முதுகு காட்டாதே.

"எறங்கி வந்து சொல்லுங்க சம்மந்தி. மேலேர்ந்து சொன்னா நண்டுக்கு வெளங்காது."

மகள் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனாள். நான் இறங்கினேன். செருப்பு வழுக்கியது. "கழட்டி இப்படிக் குடுங்க" என்று வாங்கி இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையை எனக்கு நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இறங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு கற்களுக்கு நடுவே வாளித் தண்ணீர் அளவுக்கு ஒரு குட்டை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கல் என்று நினைத்தது நகர்ந்தது. நகம் அளவு நண்டு, கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள், கல்லோடு ஒட்டிப் பூவைப்போல் விரிந்திருந்த ஏதோ ஒன்று. பேத்தி விரலை நீட்டியதும் பூ சுருங்கி மூடிக்கொண்டது.

"பூ கோச்சிக்கிச்சு ஆயா!"

"பூ இல்லடி. அது வாயி. நீ தீனி இல்லன்னு தெரிஞ்சிபோச்சு, மூடிக்கிச்சு."

அந்தக் கால்மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால்தான் அடுத்தது இன்னும் உறுத்துகிறது.

மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. நடைக்காரர்கள்; எல்லாரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். அவசரமாகப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். சாலையில் கால் வைத்ததும் விசில். சிவப்புத் தொப்பிக் காவலர் கீழே பார்த்துக் கத்தினார்: "ஏம்மா! மேல வாம்மா!" பிறகு என்னிடம் மரியாதையாக, "சார், அந்தம்மா உங்ககூட வந்தவங்களா?"

நண்பர்கள் நின்றுவிட்டார்கள். என் வாய் தானாகவே திறந்தது.

"எனக்கும் அவங்களுக்கும் சம்மந்தம் இல்ல."

பேத்தி "தாத்தா, ஆயா..." என்று தொடங்கினாள். அவள் விரலை அழுத்தினேன். வலித்திருக்கும். நிறுத்திவிட்டாள்.

அவர் ஏறி வந்தார். கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவ்வளவு தூரம் இல்லை.

"போர்டு இருக்குல்ல? படிக்கத் தெரியாதா?" என்றார் காவலர்.

"தெரியாது சார்." பேத்திக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறவர்.

"யாரு கூட வந்த?"

"தனியாத்தான் வந்தேன். சார் சொல்றது சரிதான்."

"இது யாரு செருப்பு? ஆம்பள செருப்பால்ல இருக்கு."

அவர் தன் கையைப் பார்த்தார். அதை மறந்துவிட்டிருந்தார் போலிருக்கிறது. "கல்லுமேல கெடந்துச்சு சார். யாரோ வுட்டுட்டுப் பூட்டாங்க." சுவர்மேல் ஜோடியாக வைத்தார்.

காவலர் செருப்பைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார். ஈரமான, வெறும் கால்கள். விரலிடுக்கில் பாசி. நண்பர்களும் பார்த்தார்கள். காவலர் நல்ல மனிதர், சுருக்கமாக முடித்துக்கொண்டார்: "யாருதோ அவங்க எடுத்துக்கட்டும். போங்க, போங்க."

மகள் டீயோடு வந்தபோது அந்த அம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் பாதி தூரம் போயிருந்தார். "அத்தை ஏன் தனியாப் போறாங்க?" என்றாள். நான் காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன். பேத்தி விரலைத் தடவிக்கொண்டே முழுவதையும் சொல்லிவிட்டாள். மகள் என் பங்கு டீயைச் சுவரில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழந்தையோடு நடந்தாள்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 'பொருள்' என்று போட்டுவிட்டுக் கிழித்தேன்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். ஏழு வருடத்தில் முதல்முறை. தெரு முழுக்க ஆட்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டு வாசலில் நின்று, இருந்த குரல் அத்தனையையும் திரட்டிக் கூப்பிட்டேன்.

"சம்மந்தீ!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. புடவையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமில்லை. நாற்காலியை இழுத்துத் தட்டிப் போட்டார்.

"வாங்க சார்" என்றார். "உக்காருங்க."