ஏலக்காட்டில் படித்த வேதியியல்

கொரோனாவில் கல்லூரி மூடிக் கிடந்தபோது, பி.எஸ்சி. முதல் வருட வேதியியலை நான் படித்தது சக்குபள்ளத்து ஏலக்காட்டில், குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு. ஏலம் காய்ப்பது வேரடியில். அதனால் காய் எடுப்பவர்களுக்கு நாள் முழுக்கத் தரைதான். போனை மழைக்குப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகி, ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வேன். பக்கத்துச் செடியில் அம்மா. எங்கோ இருக்கும் டீச்சர், அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று என் காதோடு சொல்லிக்கொண்டிருப்பார். ஆச்சரியத்தில் கை அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் சந்தேகம் கேட்க மைக்கைத் திறந்தவள் மூட மறந்துவிட்டேன். "ஏ புள்ள, வெளைஞ்சத விட்டுட்டுப் பிஞ்சப் பறிக்கியே, கண்ணு எங்க இருக்கு?" என்று சூப்பர்வைசர் போட்ட சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. தன்னைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று டீச்சர் பாடத்தையே நிறுத்திவிட்டார்.

கல்லூரி திறந்ததும் வகுப்பில் ஒரே வாக்குவாதம். ஆன்லைனில் படுக்கையில் கிடந்தே அட்டெண்டன்ஸ் கொடுத்ததாக ஒருத்தி ஒப்புக்கொண்டாள். கேன்டீன் இல்லாத படிப்பு ஒரு படிப்பா என்றான் ஒருவன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு வீட்டுல இருந்தா தூக்கம் வருது. எனக்கு வீட்டுல இருந்தாத்தான் படிப்பே" என்று வெடித்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காய்க் கறை ஏறி என் விரல்கள் கறுத்திருந்தன. கேமராவை மூடி வைத்திருந்த வரை அவற்றை யாரும் பார்க்கவில்லை. இப்போது பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

டிசி வாங்கிவிட்டு, முழுக்க ஆன்லைனில் நடக்கும் பட்டப்படிப்பில் சேர்வதென்று முடிவு செய்தேன். "போனுலயே படிப்பு வருதுல்லா, பெறவு எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி அலையணும்?" என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

விண்ணப்பத்தோடு போன அன்று லேப் இருந்தது. அதை முடித்துவிட்டு வா என்றார் டீச்சர். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. வீடியோவில் பத்துத் தடவை பார்த்துக் கொட்டாவி விட்டதுதான். மற்ற மேசைகளில் சொட்டு மிஞ்சி, குடுவைகள் அடர்சிவப்பாகிப் பாழாகின. நான் காரம் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் திருகைப் பிடித்தேன். ஏலக்காய் தொங்கும் சரம் நோகாமல் காயை மட்டும் எடுக்கிற விரல்களுக்கு அது பழகிய வேலையாக இருந்தது. சொட்டு விழுந்து சிவந்தது, குலுக்கியதும் காணாமல் போனது. மறுபடி விழுந்தது, மறைந்தது. அப்புறம் இன்னும் ஒரே ஒரு சொட்டு. குடுவை முழுக்க மெல்லிய ரோஜா நிறம் பரவியது. குலுக்கினேன். போகவே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கையில், என் கண்ணெதிரே! எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். கறுத்த விரல்களோடுதான் குடுவையை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "டிசி வாங்கிட்டியா?"

"இல்லம்மா. நான் காலேஜுக்கே போறேன்." நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு சொட்டுக்கா?"

"ஒரு சொட்டுக்குத்தாம்மா."

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில், தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுப்பது காதில் விழுந்தது. எப்போதும் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லும் அம்மா, அன்று தன் பெயரை மட்டும் சொன்னாள்.