கொக்கு இருந்த பிரவுசர்

என் லேப்டாப்பில் மூன்று பிரவுசர் உண்டு. ஒன்று மெஷினோடு வந்தது. ஒன்று மகன் போட்டது. இன்னொன்று தானா ராத்தா டவுனில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரத் தம்பி போட்டுக் கொடுத்தது. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இண்டர்நெட்டைத் திறந்து காட்டுகின்றன. சாப்பாடுதான் வேறு வேறு. ஒன்று நிறையத் தின்னும், ஒன்று குறைவாகத் தின்னும். அந்தச் சாப்பாட்டுக்கு மெமரி என்று பெயர். இதெல்லாம் எனக்கு முன்னே தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறேன்.

லேப்டாப் மகனுடையது. படிக்கிற காலத்தில் வாங்கியது. வேலை கிடைத்து ஜொகூருக்குப் போனபோது புதுசு வாங்கிக்கொண்டான். பழசை என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் அம்மா இறந்து அப்போது ஒரு வருசம் ஆகியிருந்தது. சிம் போடுகிற சின்ன மோடமும் வாங்கி வைத்தான். "பாட்டு கேளுங்கப்பா, படம் பாருங்க" என்றான். கேட்டேன். பார்த்தேன். பாதியில் தூக்கம் வந்தது.

எனக்குப் பிடித்தது டாம். கட்டம் போட்ட பலகையில் பாட்டில் மூடிகளைச் சாய்வாக நகர்த்தி, எதிராளியின் மூடியைத் தாண்டி வெட்டும் ஆட்டம். எதிர்க்கோடி வரை போய்ச் சேர்ந்த மூடி ராஜா. லயத்தில் முன்பு நாலு பேர் ஆடுவோம். அதில் ஒரு சட்டம் இருந்தது. தோற்கிறவன் கையில் இருக்கிற மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். அது தோல்வி, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் பாதியில் எழுந்து போனால் அது வேறு. அவனோடு மறுபடி யாரும் உட்கார மாட்டார்கள். நாலு பேரில் ஒருவர் பிள்ளையோடு கிள்ளானுக்குப் போனார். ஒருவர் ரிங்லெட் பக்கம் காய்கறித் தோட்டத்துக்கு மாறினார். ஒருவர் இறந்தார். நான் இருக்கிறேன்.

இப்போது என் வரிசையில் தமிழ் பேசுகிற வீடு இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று தோட்டத்து லோரி ஓட்டுகிறவருடையது. மற்றதெல்லாம் நேப்பாளத்துக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள். கொழுந்து மெஷினின் அந்தப் பக்கத்தை என்னோடு பிடிக்கிறவர் நேப்பாளி. மலாயில் பேசிக்கொள்வோம். ஏறு, இறங்கு, நிறுத்து. வேலைக்கு அது போதும். வேலை முடிந்ததும் அவர் ஃபோனில் தன் வீட்டோடு பேசப் போய்விடுவார்.

டாம் ஆட்டத்தை இண்டர்நெட்டில் ஆடலாம் என்று மகன்தான் காட்டினான். மலாய் எழுத்தில் ஒரு பக்கம். பேர் பதிய வேண்டாம், விருந்தாளியாகவே உள்ளே போகலாம். விருந்தாளிக்கு அதுவே ஒரு நம்பரும் ஒரு படமும் கொடுக்கும். எனக்கு வாத்து. விருந்தாளிகள் எழுதிப் பேசிக்கொள்ள முடியாது. ஆடலாம், போகலாம். கடைசியாக யாரோடு ஆடினோம் என்று ஓரத்தில் ஒரு வரிசை இருக்கும். அந்த ஆள் உள்ளே இருந்தால் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அதைத் தொட்டால் அழைப்பு போகும்.

அப்படித்தான் கொக்கு கிடைத்தது.

கொக்கு ஆணா பெண்ணா தெரியாது. எந்த ஊர் தெரியாது. மெதுவாக ஆடும். மற்றவர்கள் படபடவென்று நகர்த்துவார்கள், இரண்டு காய் போனதும் போய்விடுவார்கள். கொக்கு ஒரு காயை நகர்த்த ரொம்ப யோசிக்கும். அந்த நேரத்தில் நான் அடுப்பைப் பற்ற வைத்துத் தேத்தண்ணி போடுவேன். வெளியே மேகம் இறங்கி எதிர் வரிசையை மறைக்கும். கோப்பையோடு திரும்பி வந்தால் கொக்கு நகர்த்தியிருக்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வேலை விட்டு வந்து குளித்து உட்கார்ந்தால் பச்சைப் புள்ளி எரியும். பல மாதம் அப்படி ஓடியது.

பிறகு லேப்டாப் ஹேங் ஆக ஆரம்பித்தது. ஆட்டம் நடுவில் காய் நகராது. உள்ளே காற்றாடி சத்தம் போடும். பக்கம் வெள்ளையாகிவிடும். மூடித் திறந்து உள்ளே போனால் ஆட்டம் இருக்காது. முதலில் மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் வேறு யாரோடோ ஆடும்போது அந்த ஆள் காணாமல் போனார். என் திரையில் மலாயில் ஒரு வரி வந்தது: உங்கள் எதிராளி வெளியேறிவிட்டார். அவர் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி விழுந்தது. அப்போதுதான் என் வாத்தைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புக் குறி.

என் மெஷின் ஹேங் ஆனது எனக்குத் தெரியும். கொக்குக்கு எப்படித் தெரியும்? அதன் திரையில் நான் ஓடிப்போனவன். பல தடவை நான் தோற்கிற நேரமாகவும் இருந்திருக்கிறது.

அடுத்து அழைத்தபோது கொக்கு வரவில்லை. புள்ளி பச்சையாகத்தான் எரிந்தது.

ஓய்வு நாளில் லேப்டாப்பைச் சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரத் தம்பி திறந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல ரேம் ரெண்டு ஜிபிதான். இப்ப உள்ள பிரவுசர் ஒன்னே அம்புட்டையும் தின்னுரும்."

"கூட்ட முடியாதா?"

"போர்டோட ஒட்டி வச்சிருக்கான். முடியாது லா. ஆமா, அப்படி என்னத்தண்ணே பாக்குறீங்க? வீட்டுல ஆள் இல்லன்னு..."

"டாம்."

"என்னது?"

"டாம் ஆடுறேன்."

அவர் சிரித்து முடிக்கும் வரை நின்றேன். பிறகு பக்கத்தைத் திறந்து காட்டினேன். நன்றாகத்தான் பார்த்தார். "ஆட்டம் சின்னதுண்ணே. பக்கத்துல ஓடுது பாருங்க விளம்பரம், அதான் தின்னுது. ஒன்னு போய் ஒன்னு வருது, ஆனா போனது உள்ளேயே கெடக்குது."

"அதை அடைச்சிரு."

"அடைச்சா பக்கமே தொறக்க மாட்டேங்குது. இருங்க, சின்னதா ஒரு பிரவுசர் போட்டுத் தரேன். அதிகம் சாப்பிடாது. மூணுலயும் ஓட்டிப் பாருங்க. எது கம்மியா தின்னுதோ அத வச்சிக்குங்க."

மெமரி எவ்வளவு போகிறது என்று பார்க்கிற இடத்தையும் காட்டினார். மூன்று விசையை ஒன்றாக அழுத்த வேண்டும். நாளெல்லாம் மெஷின் பிடித்து அதிர்ந்த விரல்கள் எனக்கு. ஃபோன் திரையில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். அதனால்தான் ஃபோனில் ஆடுவதில்லை. விசையென்றால் அழுத்த முடியும்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்று. உலையில் அரிசி போடும்போது பக்கத்தைத் திறந்து வைப்பேன். சோறு வடிக்கும்போது வந்து எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பேன். அவற்றின் பேர் என் வாயில் நுழையவில்லை. தோட்டத்துப் பதவிப் பேரையே வைத்தேன். மகன் போட்டது துரை. பார்க்க அழகு, திறக்க நேரம் ஆகும், வந்தால் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சோறு வேகும் முன்பே மெமரியை நிரப்பிவிட்டது. மெஷினோடு வந்தது கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். நான் கூப்பிடாத நேரத்திலும் உள்ளே உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தது. துரையைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. தம்பி போட்டது கங்காணி. சோறு வடித்து, குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்தும் பாதிக்கு மேல் போகவில்லை.

சந்தோசமாக இருந்தது. கங்காணியிலேயே ஆட உட்கார்ந்தேன். வாத்து இல்லை. குரங்கு இருந்தது. நம்பரும் வேறு. ஓரத்து வரிசை காலி. கிராணியைத் திறந்தேன். அங்கே நான் பூனை. துரையைத் திறந்தேன். வாத்து இருந்தது, கொக்கும் இருந்தது.

மறுபடி பஸ் ஏறினேன்.

"அண்ணே, நீங்க விருந்தாளியாத்தானே போறீங்க? அந்த வாத்து உங்க பேருல இல்ல. அந்தப் பிரவுசருக்குள்ள இருக்கு. வேற பிரவுசருன்னா நீங்க வேற ஆளு."

"இங்க கொண்டாந்து வச்சிரு."

"முடியாதுண்ணே. மொதல்லயே பேரு பதிஞ்சிருந்தா எங்க போனாலும் கூட வந்திருக்கும். இப்பப் பதிஞ்சாலும் புது ஆளுதான்."

"அப்ப அந்தக் கொக்க எப்படிக் கூப்பிடுறது?"

"அதோட மறுபடி ஆடுனாத்தான் வரிசையில வரும். ஆயிரம் பேரு ஆடுறான். தானா வந்து மாட்டணும்." என் முகத்தைப் பார்த்தார். "கொரங்கும் நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குரங்காகக் கொஞ்ச நாள் ஆடினேன். மெஷின் ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை. ஆள்தான் தங்கவில்லை. வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். யாராவது காயை நகர்த்த நேரம் எடுத்தால் கொக்காக இருக்குமோ என்று படத்தைப் பார்ப்பேன். கரடி. முயல். ஒரு நாள் மழை பிடித்து, மோடத்தில் சிக்னல் போய், சாயங்காலம் முழுக்கச் சும்மா இருந்தேன். சிக்னல் இருந்த நாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மகன் ஃபோன் செய்தபோது மெஷின் ஹேங் ஆகிறது என்று மட்டும் சொன்னேன்.

"அது பழசுப்பா. தூக்கிப் போடுங்க. அடுத்த மாசம் புதுசு வாங்கி அனுப்புறேன்."

"வேணாம்."

"ஏன்ப்பா?"

"இதுவே போதும்."

புது மெஷினில் கொக்கு இருக்காது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.

துரைக்கே திரும்பினேன். முதல் நாள் அழைத்தேன், கொக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் வந்தது. ஏன் வந்தது தெரியாது. வேறு ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். மெமரி காட்டுகிற சின்னப் பெட்டியை ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டேன். அது நிரம்பப் போகும்போது, காற்றாடி சத்தம் எடுக்கும் முன், தோல்வி என்கிற பொத்தானை அழுத்திவிடுவேன். அழுத்தினால் தோல்வி எழுதப்படும். சிவப்புக் குறி விழாது. கொக்கு மெதுவாக ஆடுகிற ஆள். அதனால் எந்த ஆட்டமும் முடிவதற்குள் மெமரி நிரம்பிவிடும். எல்லாவற்றிலும் தோற்றேன். ஜெயிக்கிற ஆட்டத்திலும் தோற்றேன்.

ஒரு சாயங்காலம் லோரிக்காரர் மனைவி கிண்ணத்தில் கறி கொண்டு வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இதானாண்ணே உங்க குடும்பம்? எப்பப் பாத்தாலும் பொட்டி முன்னாடியே இருக்கீங்க. இதுல நீங்க யாரு?"

"வாத்து."

"அய்யோ, பொருத்தமா வச்சிருக்கான் லா." சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். சின்ன வயதில் அவர் அண்ணன்களோடு டாம் ஆடியவர். பலகையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. "உங்களுக்குத்தான் ரெண்டு ராஜா இருக்கே. அந்தப் பக்கம் மூணு காய்தான். முடிச்சிருங்கண்ணே."

பெட்டியில் மெமரி மேலே தொட்டது. பொத்தானை அழுத்தினேன்.

"என்னண்ணே பண்ணீங்க? ஜெயிக்கிற ஆட்டம்!"

"மெஷின் நின்னுரும். நின்னா ஓடிப்போனேன்னு நெனைக்கும்."

"யாரு நெனைக்கும்?"

நான் படத்தைக் காட்டினேன்.

"கொக்கா?" என்றார். சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. "கறி ஆறுது, சாப்பிடுங்க" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்று பொத்தானை அழுத்திய பிறகு பலகை அப்படியே திரையில் நின்றது. என் இரண்டு ராஜாவும் அதன் மூன்று காயும். கொக்கு உடனே போகவில்லை. பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் கொக்கு வேகமாக ஆடியது. நான் நகர்த்தியதும் உடனே நகர்த்தியது. யோசிக்கவே இல்லை. தேத்தண்ணி போட எழுந்திருக்க முடியவில்லை. கோபம் என்று நினைத்தேன். விட்டுக்கொடுத்து இழிவு பண்ணுகிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கும், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகப் பார்க்கிறது என்று நினைத்தேன். கண்ட இடத்தில் காயை வைத்தது. அப்படி வைக்கிற ஆள் இல்லை அது. ஆட்டம் முடிந்தது. நான் ஜெயித்திருந்தேன். பெட்டியைப் பார்த்தேன். மெமரி பாதியைத் தாண்டியிருந்தது, நிரம்பவில்லை.

கொக்கிடமிருந்து உடனே ஒரு அழைப்பு வந்தது. இன்னொரு ஆட்டம்.

இப்படியே ஆரம்பித்தால் நடுவில் நிற்கும். பிரவுசரை மூடித் திறந்தால்தான் மெமரி காலியாகும். துரை திறக்க நேரம் எடுக்கும். மூடினேன். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேக்டரிப் பக்கம் லோரி ஒன்று இறங்கிப் போனது. பக்கத்து வீட்டில் நேப்பாளி தன் பாஷையில் யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கம் திறந்தது. வாத்து. ஓரத்தில் கொக்கு, பச்சைப் புள்ளி. அழைப்பு காலாவதி ஆகியிருந்தது. கொக்கு மறுபடி அனுப்பியிருந்தது.

என் மெஷின் நடுவில் நின்றுவிடும் என்று அது கண்டுகொண்டதா, வேறு எதையாவது நினைத்ததா, எனக்குத் தெரியாது. கேட்க வழியில்லை. நான் போய்விட்டு வரும் வரை இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

நானும் வேகமாக ஆடினேன். அந்த ஆட்டத்தில் கொக்கு என்னை நன்றாக வெட்டியது. பொத்தானைத் தொடவில்லை. கடைசிக் காய் போகும் வரை இருந்து தோற்றேன்.