மாவு மாத்திரையும் படகுப் பங்கும்

நோயாளிக்கு மாத்திரை கொடுப்பது நர்ஸ் வேலை. கொடுப்பது மருந்துதானா என்று தெரியாமலேயே கொடுப்பது என் வேலை. ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், புது மருந்துகளைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். எண்ணூர் வரைக்கும் ஜனங்களுக்கு நான் 'மாத்திர சிஸ்டர்'. நான் சிஸ்டரும் இல்லை. படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய அன்பர்களே, சொட்டு மருந்துக்காரர்களே, கணக்கெடுக்கப் போய் நாயிடம் கடி வாங்கியவர்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

நான் சொல்லப்போவது நடுக்குவாத ஆராய்ச்சியைப் பற்றி. மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துபோய், கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சுருங்கும் நோய். அதற்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. எது யாருக்கு என்பது முத்திரை வைத்த ஒரு கவருக்குள் இருக்கும். ஆறு மாதம் ஒழுங்காக முடித்தவர்களுக்கு, அதற்கப்புறம் நிஜ மாத்திரையே இலவசமாகக் கிடைக்கும். நடுவில் விதியை மீறினால் வெளியே போக வேண்டியதுதான்.

முப்பது பக்கம்

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்து முனுசாமிக்கு அறுபத்து நாலு வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலது கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழும். மகள் கஸ்தூரிதான் ஊட்டிவிடுவாள், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. நான் முதல் தடவை போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் சோத்த நானே துன்னணும். அத்துக்கு வழி கீதா?"

இருக்கலாம் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை எடுத்தேன். முப்பது பக்கம். வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மொழிபெயர்த்த புண்ணியவான் 'தலைச்சுற்றல், வாந்தி, மரணம் உள்ளிட்ட அசௌகரியங்கள்' என்று எழுதியிருந்தார். அதைக்கூட முனுசாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எது யாருக்குப் போகிறது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்ற பக்கம் வந்ததும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"எனுக்கும் தெரியாது, உனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்பொறம் இன்னாத்துக்கும்மா ரெண்டு பஸ் மாறி வந்த?"

சுருள் பரீட்சை

நடுக்கத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. நடுப்புள்ளியில் ஆரம்பித்து, கொசுவர்த்தி மாதிரி ஒரு சுருளை வரையச் சொல்வோம். கை நடுங்கினால் கோடும் நடுங்கும். வாரம் ஒன்று என்று வீட்டிலேயே வரைந்து தரச் சொல்லித் தாள்களைக் கொடுத்திருந்தேன்.

முதல் மாதம் முனுசாமி வீட்டிலிருந்து வந்த நாலு சுருள்களையும் பார்த்து எங்கள் டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். காம்பஸ் வைத்துப் போட்டாலும் அவ்வளவு சுத்தமாக வராது. நான்காவது சுருளுக்கு ஓரத்தில் பூ வேறு போட்டிருந்தது. மறுநாளே ஓடினேன். மார்கழிக் கோலப் போட்டியில் அந்தத் தெருவின் முதல் பரிசு கஸ்தூரிக்குத்தான் என்று பக்கத்து வீட்டம்மா பெருமையாகச் சொன்னார். நான் கஸ்தூரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை.

"அப்பா போட்டா கோணலா வருது சிஸ்டர். ஃபெயிலாக்கி வெளிய அனுப்பிட்டீங்கன்னா சோறு யாரு குடுப்பா, நீங்களா வந்து ஊட்டுவீங்க?"

ஐம்பது நிமிஷ ஆட்டம்

கோலத்தை நம்ப முடியாது என்றானதும் கருவியை நம்பினோம். நடுக்கத்தைப் பதிவு செய்யும் ஒரு கைக்கடிகாரம். அதில் விழுவது நேராக மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வெளியூரிலிருந்து அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி பதறிக்கொண்டு போன் செய்தாள். முனுசாமிக்கு ஐம்பது நிமிஷமாக உடம்பு மொத்தமும் தூக்கித் தூக்கிப் போடுகிறதாம், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று உடனே பார்க்க வேண்டுமாம்.

படபடப்போடு மாடிப்படி இறங்கினால், கீழே ஷேர் ஆட்டோவிலிருந்து முனுசாமி வேட்டியை உதறிக்கொண்டு இறங்குகிறார். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை குண்டும் குழியுமான ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், பின்சீட்டில் நாலாவது ஆளாக வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எனுக்கு ஒண்ணியும் ஆவலம்மா. இத்த ரோடு போட்றவனாண்ட குட்து மாத்திர துன்னச் சொல்லு."

பெஞ்சு தோஸ்து

பதினைந்து நாளுக்கு ஒரு முறை நோயாளிகள் வந்து புது பாட்டில் வாங்கிப் போவார்கள். அப்படிக் காத்திருந்த பெஞ்சில் முனுசாமிக்குக் கிடைத்தவர் சவரிமுத்து. ராயபுரத்துக்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதே நோய். இரண்டாவது மாதமே சவரிமுத்துவின் கை அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு போனேன் என்று வந்து, எல்லார் எதிரிலும் கழற்றி மாட்டிக் காட்டினார். முனுசாமிக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு நிஜம், தனக்கு மாவு என்று முனுசாமி முடிவு கட்டிவிட்டார். எனக்குத் தெரியாது நைனா என்று நான் சத்தியம் செய்யாத குறை. நம்பவில்லை.

"ஒரே பெஞ்சு, ஒரே ஃபேனு, ஒரே ஊசி. மாத்திர மட்டும் இன்னாத்துக்கும்மா வேற வேற?"

படகுக்கு ஒரு பங்கு

அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு அதிசயம் நடந்தது. மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், எந்த நோயாளியின் பாட்டிலும் கணக்குப்படி திரும்பாது. ஒருத்தர் மறந்திருப்பார், ஒருத்தர் சம்பந்திக்குக் கொடுத்திருப்பார். இவர்கள் இருவர் பாட்டில் மட்டும் துடைத்துவிட்டது போல் காலி. அதைவிடப் பெரிய அதிசயம், முனுசாமியின் கை. கஸ்தூரி போனில் அழுதுகொண்டே சொன்னாள், அப்பா குழம்பு ஊற்றிப் பிசைந்து தானே சாப்பிட்டார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார் என்று. நானும் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை காத்திவாக்கம் போனேன். கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகின் மேல் முனுசாமியும் சவரிமுத்துவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மீன் அள்ளும் அலுமினிய அன்னக்கூடை. அதில் அன்று காலை நான் கொடுத்த இரண்டு பாட்டில் மாத்திரையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கப்பட்டிருந்தது. முனுசாமி மீனைப் பங்கு போடுவது போலவே கூறு கட்டிக்கொண்டிருந்தார். உனக்கொன்று, எனக்கொன்று. மூன்றாவதாக ஒரு சின்னக் கூறு.

மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். படகுக்காம். படகின் மேல் வைத்து எதைப் பிரித்தாலும் படகுக்கு ஒரு பங்கு உண்டாம், அது அவர்கள் பக்கத்து முறை. படகின் பங்கு படகுக்காரர் எத்திராஜுக்குச் சேரும். எத்திராஜுக்கு நாற்பது வயது, கருங்கல் மாதிரி உடம்பு, ஒரு நடுக்கமும் கிடையாது. இரண்டு மாதமாக முறை தவறாமல் வந்து தன் பங்கை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார். அவரே பக்கத்தில் வந்து நின்று, மரியாதையாகத் தன் குறையைச் சொன்னார்.

"மாத்திர நல்லாத்தான் கீது சிஸ்டர். தூங்கனா மட்டும் வவ்வாலு மீனு வந்து குடும்ப நாயம் பேசுது, அத்த மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."

கடக்கரை நியாயம்

இதை நான் மேலிடத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னால் இருவரும் வெளியே. முனுசாமிக்கு இலவச மாத்திரை போச்சு, மறுபடியும் கதவைச் சாத்த வேண்டியதுதான். சொல்லாவிட்டால், நோயே இல்லாத ஒருத்தர் மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். மூன்று நாள் தூங்கவில்லை. நாலாவது நாள் எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, காட்டிக்கொடுத்தவள் மாதிரி கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா முதலில் எத்திராஜைக் கூப்பிட்டு முழுப் பரிசோதனை செய்தார். மாத்திரையை நிறுத்தியதும் வவ்வால் மீன் வருவதும் நின்றது.

அப்புறம் நெறிமுறைக் குழு கூடியது. நீள மேஜை, ஐந்து பெரியவர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். முனுசாமி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பயத்தில் கை பழையபடி ஆடியது, சவரிமுத்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர். முப்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏன் மீறினீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். முனுசாமி எழுந்து நின்றார்.

"வலையில வுழுந்தத பிரிச்சித் துன்னோம் சார், அது தப்புன்றீங்க. ஒர்த்தனுக்கு மருந்து, ஒர்த்தனுக்கு மாவுன்னு நீங்க பிரிச்சீங்களே, அது எந்தக் கடக்கரையில நாயம்?"

கவருக்குள் இருந்தது

தலைவர் படிவத்தை மூடிவைத்தார். இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் டாக்டரம்மா விடாமல் வாதாடி, அவர்கள் இருவருக்கும் நிஜ மாத்திரை இலவசமாகக் கொடுக்க அனுமதி வாங்கிவிட்டார். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்பதால் கவரையும் பிரித்தார்கள். பிரித்துப் படித்த டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நிஜ மாத்திரை ஆரம்பத்திலிருந்தே முனுசாமிக்குத்தான். பொத்தான் போட்ட சவரிமுத்து சாப்பிட்டது வெறும் மாவு.

அது எப்படி என்று கேட்டேன். இந்த நோயில் அப்படி நடக்கும் என்றார். குணமாகப் போகிறோம் என்று மூளை திடமாக நம்பினால், குறைந்துபோன ரசாயனத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அதுவே சுரந்துகொள்ளுமாம். முனுசாமி தன்னுடையது மாவு என்று நம்பியவரைக்கும் மருந்துகூடச் சரியாக எடுபடவில்லை போலிருக்கிறது. தோஸ்தின் மாத்திரை கலந்ததும் எடுபட்டிருக்கிறது. இன்னும் எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பழக்கமானதுதான்.

காத்திவாக்கத்தில் முனுசாமி வீட்டு வாசலில் இருவரையும் உட்காரவைத்து நான்தான் சொன்னேன். சவரிமுத்து தன் கையையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அது லேசாக ஆட ஆரம்பித்தது. ஏன்டி சொன்னாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். முனுசாமி எழுந்து உள்ளே போனார். அன்னக்கூடையோடு வந்தார். நான் கொண்டுபோன இரண்டு பாட்டிலையும், இரண்டிலும் இப்போது ஒரே மருந்துதான் என்று நான் கத்தக் கத்தக் கேட்காமல், அதில் கொட்டிக் கலக்கினார். தன் கையாலேயே ஒன்றை எடுத்துச் சவரிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கை ஆடவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாங்கிய கையும் அடங்கியது. மருந்து அதற்குள் வயிற்றைக்கூடத் தாண்டியிருக்காது.

"எது மாவு, எது மருந்துன்றத நீயே வெச்சிக்க சிஸ்டர். ஒண்டியாத் துன்னா அது வேல செய்யாது."

மூளையைப் பற்றி உலகம் முழுக்க எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆனால் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்' என்ற இரண்டுக்கும் பக்கத்தில் 'பங்கு போட்டு' என்று ஒரு கட்டம் யாரும் இன்னும் அச்சடிக்காததால், நான் பேனாவால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.