குடை ராசா மேடைக்கு வந்த நாள்

நாட்டார் பாடல்கள் எல்லாம் அழிந்துபோய்விட்டன என்று எங்கள் ஆறாம் வகுப்புத் தமிழ் ரீச்சர் சொன்ன அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரீச்சர் மிகுந்த கவலையோடு சொன்னார். சொல்லிவிட்டு, புத்தகத்தில் இருந்த நான்கு வரிகளைப் பார்த்து எழுதச் சொன்னார். நான் கையை உயர்த்தினேன்.

"இல்லை ரீச்சர். இண்டைக்குக் காலமையும் எங்கட அப்பா பாடினவர்."

வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

"அது அம்பா. தொழில் செய்யேக்க கத்துறது" என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. புத்தகத்தில் அச்சடித்தால் பாட்டு, எங்கள் கரையில் பாடினால் கத்தலா? பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து போவதற்குள், மன்னாரில் இதுவரை யாரும் காணாத ஒரு நாட்டார் இசை விழாவை எங்கள் ஊரில் நடத்துவது என்று தீர்மானித்துவிட்டேன். செய்தியை முதலில் அறிந்தது, ரோட்டை மறித்துக்கொண்டு நின்ற ஒரு கழுதை. அது எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. எனக்கு அப்போது வயது பதினொன்று.

அப்பா கரைவலைத் தொழிலாளி. தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து மணிக்கணக்காக இழுக்கவேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை அசையும். அதற்குத்தான் அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் சொல்லி இழுப்பார்கள். எங்கள் கரையில் அடி எடுப்பது அப்பா.

அடுத்த நாள் தொடங்கி, பள்ளிக்கூடம் போகுமுன் பாட்டுகளை எழுதக் கொப்பியோடு கரைக்குப் போய்விடுவேன். எனக்காக யாரும் பாட்டை மாற்றவில்லை. பிள்ளைதானே என்று விட்டிருப்பார்கள். முதலில் மாதாவை வேண்டிப் பாடுவார்கள். பிறகு ஒரு நீண்ட பாட்டு வரும். அதில் ஒரு ராசா வருவார்.

குடை பிடிச்சு வாறாரே – ஏலேலோ
குளிக்கப் பயந்த ராசா – ஏலேலோ
வெறுந் தேத்தண்ணி தந்தாரே – ஏலேலோ
சீனி கேட்டாச் சீறுறாரே – ஏலேலோ
வலை கிழிஞ்சா எங்கட பிழை – ஏலேலோ
மீன் பட்டா அவர் ராசி – ஏலேலோ

இது ஏதோ பழைய காலத்து அரசனைப் பற்றியது என்று நினைத்து, "வரலாற்றுப் பாடல்" என்று தலைப்பிட்டு எழுதினேன். வெயில் ஏறி, வலை கரைக்குக் கிட்ட வரும் நேரம் பாட்டுத் திடீரென்று மறுபடி மாதாவுக்கு மாறிவிடும். அதே நேரத்தில்தான் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார், இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரம் நனையாமல், கறுப்புக் குடையைப் பிடித்தபடி மணலில் நடந்து வருவார். "வெயில் ஏற ஏறப் பக்தி கூடுகிறது" என்று கொப்பியில் குறிப்பெழுதினேன். சம்மாட்டியாரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவர்தான் பாட்டுப் பாடுவதில்லையே.

அதற்கு முந்தின வருடம், தேத்தண்ணியில் சீனி இல்லை என்று ஒருவர் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அடுத்த நாள் அவரைக் கயிற்றில் கைவைக்க விடவில்லை. பிறகு அவர் மன்னார் ரவுண் மீன் சந்தையில் பெட்டி தூக்கப் போனார். இதுவும் எனக்குத் தெரியும். எனக்கு நிறைய விடயங்கள் தெரியும், தனித்தனியாக.

விழா யோசனையைப் பிடித்துக்கொண்டவர் சின்னம்மா. மாதர் சங்கச் செயலாளர். ஒரு கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொதிப்பதற்குள் மூன்று தீர்மானம் நிறைவேற்றிவிடுவார்.

"விழா எண்டா கதிரை வேணும், ஒலிபெருக்கி வேணும். கதிரை எங்கட சம்மாட்டியிட்ட இருக்கு. ஒலிபெருக்கி வடகரைச் சம்மாட்டியிட்ட. ஒருத்தரைக் கூப்பிட்டா மற்றவர் முகத்தைத் தூக்குவார். ரெண்டு பேரையும் பிரதம விருந்தினராப் போடுவம்" என்றார்.

எங்கள் கடற்கரையில் இரண்டே இரண்டு கரைவலைகள்தான். இரண்டு சம்மாட்டிமாரும் கோவில் பூசையில் அடுத்தடுத்த வாங்கில் அமர்ந்திருந்தாலும் பேசிக்கொள்வதில்லை. நான் இருவர் வீட்டுக்கும் போய், "நீங்கள் முன் வரிசையில இருந்து கட்டாயம் எங்கட அப்பா ஆக்களின்ர பாட்டைக் கேக்கவேணும் மாமா" என்று ஒரே மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் சம்மாட்டியார் மகிழ்ந்துபோனார். "இவ்வளவு காலமும் என்ர ஆக்கள் பாடி நான் ஒழுங்காக் கேட்டதில்லை பிள்ளை" என்றார்.

அன்று சாப்பாட்டு நேரம் இதை அறிவித்தபோது அப்பாவுக்குப் புரையேறியது.

"மேடையில பாட வராது. கயிறு இழுக்காமப் பாட்டு வராது" என்றார்.

"கரையில பாடுறதைக் கரையிலயே பாடட்டுமன்" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டு.

கலைஞர்களுக்குக் கூச்சம் இருக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அப்பா சொன்னது உண்மைதானா என்று பார்க்க, ஒரு பின்னேரம் நான்கு பேரை எங்கள் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பாடச் சொன்னேன். பாட்டு வரவேயில்லை. எட்டுக் கையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கின. ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். உடனே பாட்டு வந்தது, வாளியும் வந்தது.

ஆகவே மேடைக்குக் கயிறு. அப்பா அடுத்த சாக்குச் சொன்னார்.

"தவக்காலத்தில பாட்டுக் கச்சேரி கூடாது."

"விழா ஈஸ்டருக்குப் பிறகுதானே அப்பா."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"விழாவுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அதுவரைக்கும் கட்டியிருக்குமே?"

கடைசியில் இறங்கி வந்தார். "மாதாப் பாட்டு மட்டும். வேற ஒண்டும் இல்லை. விளங்குதோ?"

"ஓமப்பா" என்றேன். மீதியை எப்படியும் மேடையில் பாடவைத்துவிடலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கியது. அறிவிப்பாளர் நான். முசலிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த களிகம்புக் குழு, கம்பும் கம்பும் தட்டி ஆடிய ஆட்டத்தில் கூட்டம் எழும்பி நின்றது. அடுத்து அடம்பனிலிருந்து வந்தவர்கள் அரிவு வெட்டுப் பாட்டுப் பாடினார்கள். கையில் அரிவாள் இருக்கிறது, வயல் எங்கே என்று பார்ப்பவர்கள் கேட்கக்கூடாதென்று, வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் நட்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டில் பின்பக்கத்தால் வந்த மூன்று கழுதைகள் அறுவடையை முடித்துவைத்தன. "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று நான் ஒலிவாங்கியில் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு எங்கள் ஆட்கள்.

அப்பாவோடு பன்னிரண்டு பேர் மேடையில் கயிறு பிடித்து நின்றார்கள். கயிற்றின் மறுமுனையைச் சின்னம்மா முன் வரிசைக்குக் கொண்டுபோய்ச் சம்மாட்டிமார் இருவர் கையிலும் கொடுத்தார். சும்மா ஒரு போட்டோவுக்கு. இரண்டு பேரும் தங்கள் கறுப்புக் குடைகளைக் கதிரை முதுகில் கொழுவிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே கயிற்றைப் பிடித்தார்கள்.

அப்பா மாதாப் பாட்டை எடுத்தார். நல்ல குரல். முடிந்தது. மறுபடி அதையே எடுத்தார். அதுவும் முடிந்தது. மூன்றாம் தரமும் மாதா. கூட்டத்தில் சிலர் சிலுவை அடையாளம் போடத் தொடங்கிவிட்டார்கள். நான்காம் தரமும் அவர் "கடல் காக்கும்" என்று தொடங்கியபோது எனக்கு விளங்கிவிட்டது. பாவம், அப்பாவுக்கு மேடைப் பயத்தில் அடுத்த பாட்டு மறந்துவிட்டது! கொப்பியைத் திறந்தேன். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட வைத்தேன்.

"அப்பா, மாதா காணும், போதும்! அடுத்தது குடை ராசா!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடலில் விழுந்தவர் கரையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதை நான், அடி ஞாபகம் வரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

"குடை ராசாவோ? அதென்ன பாட்டு? பாடு, பாடு!" என்று எங்கள் சம்மாட்டியார் கீழேயிருந்து உற்சாகப்படுத்தினார்.

நானே வாசித்தேன். "குடை பிடிச்சு வாறாரே!"

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்பாவில் ஒரு அடி விழுந்தால் பதில் தானாக வரும். கயிறு பிடித்த கைக்கும் வாய்க்கும் இடையில் மூளைக்கு வேலையில்லை. பன்னிரண்டு பேரும் தங்களையறியாமல் "ஏலேலோ" என்று போட்டு ஒரு இழுவை இழுத்தார்கள். கீழே சம்மாட்டிமார் இருவரும் இரண்டடி முன்னால் வந்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. நான் அடுத்த வரியை வாசித்தேன். அவர்கள் மறுபடி இழுத்தார்கள். நிறுத்த நினைத்த அப்பாவின் கைகளும் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. "சீனி கேட்டாச் சீறுறாரே" என்று நான் ராகம் போட்டபோது அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

எங்கள் சம்மாட்டியார் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்தார். முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சம்மாட்டியார் மெல்லத் திரும்பி, பக்கத்துக் கதிரை முதுகில் தொங்கிய வடகரைச் சம்மாட்டியின் குடையைப் பார்த்தார். அதே நேரம் வடகரைச் சம்மாட்டி இவருடைய குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"அப்பிடிப் போடு! நல்லாக் குடு!" என்று எங்கள் சம்மாட்டியார் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். வடகரைச் சம்மாட்டி பின் வரிசைக்குத் திரும்பி, இவரைக் கண்ணால் காட்டிச் சிரித்தார். அதன்பிறகு கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்க "ஏலேலோ" சொன்னது அந்த இருவரும்தான். சாரம் புழுதியாவதைக்கூடக் கவனிக்காமல், தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு கயிறு இழுத்தார்கள்.

அறிவிப்பாளருக்குத் தெளிவுபடுத்தும் கடமை உண்டல்லவா? சிரிப்பு அடங்குமுன், "இந்தப் பாடல் எங்கள் கரையில் மட்டும்தான் பாடப்படுகிறது, சம்மாட்டி மாமா வருவதற்குச் சற்று முன்னர்…" என்று தொடங்கினேன். ஒலிபெருக்கி செத்துப்போனது. திரும்பிப் பார்த்தால், சின்னம்மா கையில் வயர்.

"ஒலிபெருக்கி பழுதாப் போச்சு" என்று அவர் வெறும் வாயாலேயே கடைசி வரிசை வரை கேட்க அறிவித்தார். "விழா இனிதே முடிஞ்சுது. எல்லாரும் போட்டு வாங்கோ."

போகும்போது எங்கள் சம்மாட்டியார் அப்பாவின் தோளில் கைபோட்டு, "அவனுக்கு நல்லா உறைச்சிருக்கும்" என்றார்.

"ஓம் சம்மாட்டி. உறைச்சிருக்கும்" என்றார் அப்பா.

அன்று குசினி அடுப்படியில் அம்மாவும் சின்னம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள். விழா வெற்றி என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா என்னை ஏசவில்லை. முற்றத்தில் இருந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, சம்மாட்டியார் வலை கரைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. விடியவே வந்துவிட்டார். குடையை மடித்து மணலில் குத்திவிட்டு, தோணி விளிம்பில் ஏறி இருந்தார்.

"எங்க, அந்த வடகரையானின்ர பாட்டை எடுங்கோ பாப்பம்!"

எடுத்தார்கள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார். தேத்தண்ணியில் சீனி விழத் தொடங்கியது. "இல்லாட்டி என்னையும் அவனைப் போலச் சொல்லிப்போடுவாங்கள்" என்று அவரே சொன்னார். கலைக்கு ஆதரவு கிடைத்துவிட்டது, கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று நான் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன். ஆனால் வலை வருவதற்கு முன்னரைவிட நேரம் பிடித்தது. பாட்டு இருந்தது, இழுவை இல்லை. இனிப்புத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கமாகப் போய் இருந்தார்கள். இதுவும் எனக்குத் தெரியும், தனியாக.

சில கிழமைகள் கழித்து, சம்மாட்டியார் ஏதோ அலுவலாக ரவுணுக்குப் போயிருந்த ஒரு காலையில், ரோட்டில் வரும்போதே கரையில் ஒரு புதிய பாட்டுக் கேட்டது. அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சிரிப்பும் இழுவையும் ஒன்றாக வந்தன. கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் மணலில் கால் வைத்ததும் ஒருவர் அப்பாவுக்குக் கண் காட்டினார். பாட்டு மாதாவுக்கு மாறியது. அடுத்த நாளும் அப்படித்தான். இப்போது வெயில் ஏறாமலே பக்தி வந்துவிடுகிறது என்று குறித்துக்கொண்டேன். அவர்கள் அஞ்சி மாறுகிற ஆட்களின் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன் என்பது, அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருக்கிறேன். சின்னம்மா சங்கத் தலைவியாகிவிட்டார். இரண்டாவது விழா நடத்தியே தீருவது என்று நிற்கிறார். வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு குழுவுக்குச் சொல்லியும் ஆயிற்று. "அம்பாவுக்கு அப்பாவைக் கேட்டனியோ?" என்று நேற்று மூன்று தரம் கேட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"அப்பா, நாளைக்குக் காலமை நானும் கயிறு பிடிக்க வரட்டோ?"

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். பேனை தவிர வேறொன்றும் பிடிக்காத கைகள்.

"கடைசி ஆளா நில்லு" என்றார். "கைக்குத் துணி சுத்திக்கொண்டு வா."